நத்தை போட்ட பதில்கள்

மாமியாருக்குப் பதில் தட்டித் தட்டியே கட்டைவிரல் தேய்ந்துவிடும் என்று பயந்த ஒரு நாளில்தான் அவள் அந்தக் குட்டி நிரலை எழுதினாள். போனில் "சாப்பிட்டியா கண்ணு?" என்று வந்தால், ஒரு நிமிடம் பொறுத்து, "ஆச்சு அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அதுவே அனுப்பிவிடும். அந்த ஒரு நிமிடத்தில்தான் சூட்சுமமே இருந்தது. உடனே பதில் போனால் சந்தேகம் வராதா?

மாமியாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "என் மருமக மாதிரி வருமா? எப்பக் கேட்டாலும் தட்டாம பதில் போடுவா" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

இப்படி ஒரு நிம்மதியைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. நிரல் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதைப் பகிர்ந்துகொள்ளும் இணையக் குழு ஒன்றில் ஏற்றி, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதிவைத்தாள். அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். அவள் 'நத்தை'.

'தூங்குமூஞ்சி' என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். "மெசேஜுக்குப் பதில் போட்டே எங்கம்மா அலுத்துப்போறாங்க. அவங்க போன்ல இதைப் போட்டா சரியா வருமா?"

"தாராளமா போடுங்க" என்று எழுதினாள் நத்தை. "ஆனா பதிலை ஒரு கேள்வியில முடிங்க. அப்பத்தான் அக்கறையா தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரும், கல்லூரியில் கணினி படிக்கும் கொழுந்தனும் வீட்டுக்கு வந்தார்கள். மாமியார் சோபாவில் சாய்ந்து, இரண்டு கையாலும் காபிக் கோப்பையைப் பிடித்திருந்தார். எதிரே அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் தொடாத போன் மேஜைமேல் மறுபடி 'டிங்' என்றது. திரையில் மாமியாரின் படம். "ஆச்சு கண்ணு, நீ சாப்பிட்டியா?"

நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் காபியை ஊதிக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம் கழித்து மாமியாரின் கைப்பைக்குள் 'டிங்'. எடுத்துப் படித்த மாமியார், மருமகளின் பட்டாணிக் கையை உற்றுப் பார்த்தார்.

அவள் சட்டென்று பட்டாணிக்குக் குனிந்தாள். இத்தனை நாள் சேர்த்துவைத்த நல்ல பெயர் ஒரு டிங்கில் கப்பலேறப் போகிறதே!

கொழுந்தன் இரண்டு போனையும் வாங்கிப் புரட்டினான். "அம்மா! காலையிலேர்ந்து இந்த ரெண்டு போனும் மாத்தி மாத்திச் சாப்பிட்டுட்டே இருக்கு! அண்ணி, உங்க போன்லயும் நத்தையோட புரோகிராமா?"

"யாருடா அது நத்தை?"

"குழுவுல ஒருத்தர்மா. பதிலைக் கேள்வியில முடின்னு எனக்குச் சொன்னதே அவங்கதான்."

தூங்குமூஞ்சி யாரென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சரியான அரைவேக்காடா இருக்கும்போல" என்றார் மாமியார். "ரெண்டு பக்கமும் போட்டா என்னாகும்னு யோசிக்க வேணாமா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பாள். அரைவேக்காடு என்ற வார்த்தைதான் சுருக்கென்று தைத்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை. நூறு பேருக்கு மேல பயன்படுத்தறாங்க. ஒருத்தரும் குறை சொன்னதில்ல. நானும் எத்தனை தடவை சோதிச்சுப் பார்த்து..."

வாய் பாதியில் நின்றது. கொழுந்தன் சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப இத்தனை மாசமா எனக்குப் பதில் போட்டது நீ இல்ல?"

"இல்ல அத்தை" என்றாள், பட்டாணியைப் பார்த்து.

மாமியார் கோப்பையை ணங்கென்று வைத்தார். "பாவி! உனக்குப் பதில் போட முடியாமத்தான்டி இவன்கிட்ட அழுதேன். ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்டு முடிச்சா, நான் எப்பத்தான் போனைக் கீழே வைக்கிறது? மருமக கேட்டுப் பதில் போடலைன்னா தப்பா நெனச்சுக்குவாளேன்னு, அடுப்புல பாலை வச்சுட்டுத் தட்டிட்டு நிப்பேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மாமியார்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "நெசமாவே கேக்கறேன். சாப்பிட்டியா?"

"இல்ல அத்தை. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பசிக்குது."

"அதைச் சொல்லத் தெரியலையே உன் நத்தைக்கு! எழுந்து வா." பட்டாணிக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார்.

"அண்ணி, இதை எப்படி நிறுத்தறது?" கொழுந்தன் கையில் இரண்டு போனும் முறைவைத்து டிங்கிட்டன.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "விடுடா. அதுங்க பாட்டுக்குப் பேசட்டும். நாங்க முதல்ல சாப்பிடறோம்."