ஏப்ரல் மாதத்து நிழல்

எலிசியோ கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக அவன்மேல் உங்களுக்கு ஆத்திரம் வரும். பாகியோ மலையில், சந்தைக்குப் பின்தெருவில் ஒரு ஸ்டூடியோ வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு அங்கியை மாட்டி நிற்கவைத்துப் படம் எடுத்துப் பிழைக்கிற மனுஷன். ஐம்பத்திரண்டு வயது, ஒண்டிக்கட்டை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவனுக்கு இந்த உலகத்தில் சிநேகிதர்கள் இரண்டே பேர். ஒருவன் தியோ. தெற்கே டுமகெட்டேயில் கடலோரமாகக் குடியிருக்கிறான், கல்யாணப் படம் எடுக்கிற தொழில். இன்னொருத்தி மாரிவிக், இவர்களைவிட ஐந்தாறு வயது இளையவள். தோஹாவில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மூவரும் இளம் வயதில் செபு நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் படம் கழுவும் ஒரே இருட்டறையில் கை நனைத்தவர்கள். பிழைப்பு வந்து ஆளுக்கொரு திசையில் துரத்திவிட்டது. அப்படியே அறுந்துபோய்விடக் கூடாதென்று மாரிவிக் கண்டுபிடித்ததுதான் மாதப் போட்டி.

மாதம் பிறந்ததும் முறை வைத்து ஒருவர் தலைப்புக் கொடுப்பார். ‘ஈரம்’, ‘பாதி’, ‘யாரோ விட்டுப்போனது’ என்று ஏதாவது வரும். மாதக் கடைசிக்குள் மூவரும் ஆளுக்கொரு படம் எடுத்து, கேமராவில் விழுந்தது விழுந்தபடியே கைபேசிக் குழுவில் போட வேண்டும். தன் படத்துக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது. வருஷக் கடைசியில் ஜெயித்த பன்னிரண்டு படங்களையும் எலிசியோ காலண்டராக அச்சடித்து மூன்று வீட்டுக்கும் அனுப்புவான். தண்டனை உள்ள சட்டம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். படம் அந்த மாதத்திலேயே எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய படத்தைத் தூசு தட்டிப் போட்டுப் பிடிபட்டால், பிடிபட்டவர் தன் ஊர்ப் பண்டத்தை மற்ற இருவருக்கும் பார்சல் அனுப்ப வேண்டும்.

முதல் வருஷமே பிடிபட்டவன் யார் என்கிறீர்கள்? நம் எலிசியோதான். தலைப்பு ‘பனி’. அந்த மாதம் பார்த்து பாகியோவில் மூடுபனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துரை என்ன செய்தார், இரண்டு வருஷத்துப் பழைய பனியை எடுத்துப் போட்டுவிட்டார். ஐந்து நிமிஷத்தில் தியோ படத்துக்குள் பதிந்திருந்த தேதியைத் தோண்டி எடுத்து, “டேய் பனித் திருடா!” என்று கூவிவிட்டான். அன்றையிலிருந்து அதுவே பெயர். தண்டனையாக இருவருக்கும் தன் ஊர் ஸ்ட்ராபெரி ஜாமும் அனுப்பினான். வீடியோவில் பேசும்போதெல்லாம் தியோவின் மனைவி பெலன், அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, “என்ன எலிசியோ, இந்த மாசமாவது சொந்தப் பனியா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அவளோடு சேர்ந்து அவனும் சிரிப்பான். ஆனால் உள்ளே ஒரு முள் கிடந்தது. என்றைக்காவது தியோ மாட்டுவான், அன்றைக்கு இருக்கிறது அவனுக்கு என்று நாலு வருஷமாகக் காத்திருந்தான்.

இடையில் பெலனுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து, பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாரிவிக்குக்கு லீவு கிடைக்கவில்லை. எலிசியோவுக்குப் பள்ளிக்கூட ஆல்பம் வேலை கழுத்தை நெரித்தது, அவனும் போகவில்லை, மலர்வளையம் அனுப்பினான். டுமகெட்டேக்குப் போகும்போதெல்லாம் அவள் கையால் மீன் குழம்பு சாப்பிட்டவன் போகாமல் இருந்திருக்கக் கூடாது. அது அவனுக்கும் தெரியும்.

பிப்ரவரியும் மார்ச்சும் தியோ படம் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஏப்ரலில் தலைப்புக் கொடுக்கும் முறை எலிசியோவுக்கு. ‘நிழல்’ என்றான். மாதக் கடைசி நாள் சாயங்காலம், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், தியோவிடமிருந்து படம் வந்து விழுந்தது.

ஒரு பச்சைச் சுவர், அதன் அடியில் வரிசையாகப் பூந்தொட்டிகள். சுவரின் மேல் ஒரு பெண்ணின் நிழல். அகலமான ஓலைத் தொப்பி, காற்றில் லேசாக உப்பிய தொளதொள வீட்டு உடுப்பு, உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகிய கைகள். பெலன் அப்படித்தான் நிற்பாள். துணி காயப்போட வந்தவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றுவிடுவாளே, அதே நிற்பு. மாரிவிக், “ஐயோ அண்ணே, பெலன் அக்கா…” என்று எழுதினாள். எலிசியோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால், செத்துப்போனவள் நிழல் ஏப்ரலில் எப்படி விழும் என்று அவன் புத்தி குறுக்கே ஓடியது. படத்தின் தேதியைத் தட்டிப் பார்த்தான். 2018, ஜனவரி 1 என்று இருந்தது. ஈரமான கண் அந்த நொடியே காய்ந்துபோனது. மாட்டினான்டா மாப்பிள்ளை!

சூட்டோடு சூடாக எழுதினான்: “டேய் தியோ, ஏழு வருஷப் பழசா? யார்கிட்ட? என்னைப் பனித் திருடன்னு சொன்னியே, நீ யாருடா? செத்தவளைக் காட்டி ஓட்டு வாங்கப் பாக்குறியா? ஏப்ரல் போட்டி ரத்து. பார்சல் அனுப்பு!” கடைசியில் சிரிக்கிற பொம்மை வேறு நாலு போட்டான். விளையாட்டாகத்தான் எழுதினான் என்று பிற்பாடு தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டான். விளையாட்டில் பாதிதான் விளையாட்டு, மிச்சம் அந்தப் பழைய முள்.

பத்து நிமிஷம் கழித்து தியோ எழுதினான்: “சரி மச்சான். தப்புதான்.” அவ்வளவுதான். பிறகு குழுவை விட்டு வெளியே போய்விட்டான்.

“கொஞ்சம் ஓவரா போயிட்டீங்கண்ணே,” என்றாள் மாரிவிக், போனில்.

“சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானே? நான் ஜாம் பாட்டில் அனுப்பல? அப்ப யாராவது எனக்காக வருத்தப்பட்டீங்களா?”

“அதுவும் இதுவும் ஒண்ணாண்ணே?”

“பண்ணினதும் அவன், முறுக்கிக்கிறதும் அவனா? ரெண்டு நாள்ல வருவான் பாரு.”

தியோ வரவில்லை, பார்சல்தான் வந்தது. ஒரு வாரத்தில் இருவருக்கும் உலர்ந்த மாம்பழம், சட்டப்படி. உள்ளே ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. எலிசியோ அதை டீயோடு உட்கார்ந்து முழுக்கத் தின்றான்.

மேயிலிருந்து இரண்டு பேர் மட்டும் படம் போட்டு, ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டுக்கொண்டார்கள். அதில் என்ன இருக்கிறது? எலிசியோ இரண்டு தடவை தியோவுக்குப் போன் பண்ணினான். “வேலையா இருக்கேன் மச்சான், அப்புறம் பேசுறேன்,” என்று மரியாதையாகவே பதில் வந்தது. மரியாதை வந்துவிட்டால் சிநேகிதத்தில் ஏதோ முடிந்துவிட்டதென்று அர்த்தம், அது அவனுக்கு உறைத்தது. அவன் திரும்பி வந்தால் போதும், பனித் திருடன் என்று ஊருக்கே சொல்லட்டும் என்று ஏங்க ஆரம்பித்தான்.

நவம்பர் கடைசியில் காலண்டர் வேலைக்கு உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரம். போன டிசம்பர் முதல் இந்த நவம்பர் வரை பதினோரு மாதத்துக்குப் படம் இருந்தது, ரத்தான ஏப்ரல் மட்டும் காலி. பழசானால் என்ன, நல்ல படம்தானே, போட்டுவிடுவோம், அதைச் சாக்காக வைத்தாவது அவனோடு பேசலாம் என்று தியோவின் படத்தை ஸ்டூடியோவின் பெரிய திரையில் திறந்தான். அதுவரை அதைக் கைபேசியில், உள்ளங்கை அகலத்தில்தான் பார்த்திருந்தான்.

அச்சுக்கு முன்னால் மூலைமூலையாகப் பெரிதாக்கிப் பார்ப்பது அவன் வழக்கம். தொப்பியிலிருந்து ஆரம்பித்தான். தொப்பிக்கும் உடுப்பின் கழுத்துக்கும் நடுவே, ஒரு விரல் அகலத்துக்கு வெயில். கழுத்து இருக்க வேண்டிய இடம் அது. அன்றைக்குக் கைபேசியில் அது கண்ணில் படவே இல்லை. கீழே வந்தான். தோளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டி முளை. துணிக்கிளிப்பு. தோளோடு தோளாக ஓடிய கோட்டை அன்றைக்குக் கரண்டுக் கம்பியின் நிழல் என்று நினைத்திருந்தான், அது கொடிக்கயிறு. இன்னும் கீழே வந்தான். தொட்டிகளுக்கு இடையே இருந்த சந்துகளில் வெறும் சுவர்தான் தெரிந்தது. அந்த நிழலுக்குக் கால் இல்லை.

தேதியை மறுபடி திறந்தான். 2018 ஜனவரி 1, பக்கத்திலேயே நேரமும் இருந்தது: நள்ளிரவு 12.07. படத்திலோ நாலு மணி வெயில் சுவரில் சாய்ந்து கிடந்தது. பேட்டரி இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கிற கேமரா நாளையும் நேரத்தையும் மறந்துவிட்டு, செய்தபோது பதித்த முதல் தேதிக்கே போய் நிற்கும். இதைத் தெரியாதவனா எலிசியோ? எத்தனை கேமராவுக்கு உட்கார்ந்து தேதி வைத்திருக்கிறான்! முப்பது வருஷமாக வெயிலைப் பார்த்தே மணி சொல்கிறவன், அன்றைக்கு வெயிலைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்துவிட்டான். “அடப்பாவி, அடப்பாவி,” என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

உடனே போனை எடுத்தான்.

“என்னடா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?” தியோவின் குரலுக்குப் பின்னால் மீன் பொரிகிற சத்தம்.

“மச்சான், அந்த ஏப்ரல் படம்… அது வெறும் உடுப்புதானேடா?”

அடுப்பை அணைத்தான் போலிருக்கிறது, மீன் பொரிகிற சத்தம் நின்றது.

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“கழுத்து இல்ல, கால் இல்ல. நடுராத்திரியில வெயில் அடிக்குது.”

தியோ சிரித்தான். “இதுக்கு ஏழு மாசமாடா உனக்கு? நீயெல்லாம் ஒரு படக்காரன்!”

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எலிசியோவுக்கு அழுகை வந்துவிட்டது. தியோ எந்தப் பரபரப்பும் இல்லாமல் சொன்னான்: “அவ துணிமணியெல்லாம் எடுத்துக்க மறுநாள் அவ தங்கச்சி வர்றதா இருந்துச்சு. துவைச்சுக் கொடுப்போம்னு துவைச்சுக் காயப்போட்டேன். சுவத்துல அந்த உடுப்போட நிழல் விழுந்ததைப் பாத்தா, திக்குனு ஆயிருச்சு. ஓடிப்போய் அவ தொப்பியை எடுத்து கொடிக்கு மேல மெல்லிசு நூல்ல தொங்கவிட்டு, இப்படி அப்படி நகத்தி நகத்தி வச்சேன். அவ போனதுலேர்ந்து கேமராவைத் தொடல. பேட்டரி போட்டதும் தேதி கேட்டுச்சு. வெயில் போயிட்டிருந்துச்சு, அதை எவன் பாத்தான்?”

“ஏன்டா அன்னிக்கே சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கால்ல விழுந்திருப்பேனே!”

“என்னன்னு சொல்லச் சொல்ற? அது பெலன் இல்ல, துணின்னா? இருபது வருஷமா அவளைத் தெரிஞ்சவன் நீ. நீயே பாத்துட்டு, உசுரோட இருந்தப்ப எடுத்ததுன்னு அடிச்சுச் சொல்ற. மாரிவிக் போன் பண்ணி அழுவுறா, ‘அக்கா எவ்வளவு நல்லா இருக்காங்க, எந்த வருஷம் எடுத்ததுண்ணே’ன்னு. பதினெட்டுன்னு சொல்லிட்டேன். நீ கண்டுபிடிச்சுக் கொடுத்த வருஷம்தானே? நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன், உங்க ரெண்டு பேர் கண்ணுல அவ அங்க நின்னா எனக்குப் போதும்னு தோணுச்சு.”

எலிசியோ மூக்கைச் சிந்தினான். “நான் இப்பவே குழுவுல எழுதுறேன். தப்பு என்னோடதுன்னு மாரிவிக்குக்குச் சொல்லிடுறேன்.”

“எழுதாத!” தியோவின் குரல் அப்போதுதான் முதல்முறையாக ஓங்கியது. “உனக்குப் புண்ணியமாப் போகும். அவ அதைப் போன்ல முகப்புப் படமா வச்சிருக்கா. துணின்னு சொன்னா இன்னொரு தடவை சாவு சொன்ன மாதிரிடா. உனக்குத் தெரிஞ்சுபோச்சு, என்ன பண்றது. உன்னோட நிறுத்திக்க.”

“சரி. ஜனவரித் தலைப்பு நீ கொடு, மச்சான். வந்துருடா.”

தியோ தட்டை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

“உன்மேல கோவமெல்லாம் இல்ல, எலிசியோ. சத்தியமா இல்ல. ஆனா கேமராவைக் கையில எடுத்தா உன்னோட அந்த ஒரு வரி வந்து நிக்குது. செத்தவளைக் காட்டின்னு எழுதினியே, அது. கீழ வச்சிடுறேன். கல்யாண ஆர்டரைக்கூட அடுத்த தெருக்காரனுக்குத் தள்ளிவிட்டுட்டேன். போகட்டும் விடு. மீன் ஆறிடும், வைக்கட்டா?”

டிசம்பர் நடுவில் காலண்டர்கள் கிளம்பின. இரண்டு பார்சலிலும் இரண்டிரண்டு பாட்டில் ஸ்ட்ராபெரி ஜாம் வைத்தான் எலிசியோ. தப்புச் செய்தவன் அனுப்ப வேண்டும் என்பதுதானே சட்டம்? ஒரு வாரம் கழித்து மாரிவிக் கூப்பிட்டாள்.

“ஜாம் எதுக்குண்ணே? யாரும் உங்களைப் பிடிக்கலையே!”

“கிறிஸ்மஸுக்கு. தின்னு.”

“அது சரி, ஏப்ரல்ல தியோ அண்ணன் படமா? பழசு கூடாதுன்னு அந்தக் குதி குதிச்சீங்க!”

“பழசுதான்,” என்றான் எலிசியோ. “இருந்தாலும் நல்ல படம், போட்டேன்.”

“பெரிசாப் பாத்தா இன்னும் நல்லா இருக்குண்ணே. அக்கா எவ்வளவு நிம்மதியா நிக்கிறாங்க பாருங்களேன்.”

எலிசியோவின் எதிரே, ஸ்டூடியோச் சுவரில், அதே ஏப்ரல் தாள் தொங்கியது. டிசம்பராக இருந்தும் அதை மட்டும் கிழித்து மாட்டியிருந்தான். தொப்பிக்குக் கீழே அந்த ஒரு விரல் வெயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“ஆமா மாரிவிக். நிக்கிறா.”