சாம்பிள் மீன்

காலை ஒன்பதே காலுக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எதிரே தரையில் இரண்டு கோணிப்பை நிறைய வெட்டுத்துணி, பசை டப்பா, அட்டை, நூல்கண்டு, கண்ணுக்கு ஒட்டக் கறுப்பு மணிகள். அத்தனையையும் ஹாஃபிஸா சீத்தா கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி தாராவிக்குத் தூக்கி வந்து, நான்கு மாடியும் ஏற்றியிருந்தாள்.

பாடத்துக்குள் படமும் பாட்டும் கைவேலையும் கொண்டுவர ஆசிரியர்களுக்கு உதவுவது அவள் வேலை. ஒரு டிரஸ்ட் அவளை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. இன்று கல்வி அதிகாரி வந்து பார்த்துப் படிவத்தில் ஐந்து கட்டத்திலும் டிக் போட்டால் வேலை மார்ச் வரை ஓடும். ஒன்று விட்டுப்போனாலும் இந்த மாதத்தோடு சரி.

"நாப்பது நிமிஷம்தான் ஹாஃபிஸா," என்றாள் வகுப்பாசிரியை பாகீரதி, கடைசி பெஞ்சில் வாக்காளர் பட்டியலை விரித்தபடி. "நேக்கு போர்ஷன் அப்படியே கெடக்கு. இது வேற திங்கக்கிழமை குடுக்கணும். உன் கலையெல்லாம் அதுக்குள்ள முடிச்சுக்கோ."

ஹாஃபிஸா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு நீர்வாழ் உயிரினம் பாடம். எல்லாரும் ஒரு மீன் செய்யணும்."

"சாம்பிள் காட்டுங்க தீதி," என்றான் முதல் வரிசை வாசிம்.

"சாம்பிள் கெடையாது. அவங்கவங்க மனசுல உள்ள மீன அவங்கவங்க செய்யணும்."

வாசிம் துணியைத் தொடவில்லை.

"சாம்பிள் இல்லாம எப்படி செய்ய? எங்க வீட்டுக்கு மால் வந்தா சாம்பிளோடதான வரும். பொறவு ரிட்டன் அடிச்சிட்டாவன்னா?"

"யாரும் ரிட்டன் அடிக்க மாட்டாவ."

"செஞ்ச மால எடுக்க கம்பெனில இருந்து யாரு வருவாவ?"

"யாரும் வர மாட்டாவ வாசிம்."

"அப்பம் எதுக்குச் செய்யணும்?"

வாஷியில் நடந்த மூன்று நாள் பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. அவள் யோசிப்பதற்குள் அதிகாரி வந்துவிட்டதாகப் பியூன் கூப்பிட்டான். "செஞ்சிட்டிருங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள்.

அதிகாரி காம்ளே பெருத்த உடம்புக்காரர். மாடிக்கு மாடி நின்று, தலைமையாசிரியர் அறையில் தேநீர் குடித்து, மூன்றாம் மாடியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நாற்காலி கேட்டார். ஹாஃபிஸா முன்னால் ஓடி வகுப்பை எட்டிப் பார்த்தாள்.

பெஞ்சுகள் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தன. பிள்ளைகள் ஜன்னல் வெளிச்சத்தில் நான்கு வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசை அட்டையை வைத்துத் துணி வெட்டியது, இரண்டாவது ஒட்டியது, மூன்றாவது கண் வைத்தது, நான்காவது நூல் பிசிறு வெட்டியது. வாசிம் நடந்துகொண்டே பார்வையிட்டான். பரீஹா பன்னிரண்டு பன்னிரண்டாக ரப்பர்பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் செய்த முதல் மீனே சாம்பிள் ஆகியிருந்தது.

"நா என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சி வச்சிருக்கீங்க?"

"மூணு டஜன் முடிஞ்சிட்டு தீதி," என்றாள் பரீஹா. "தனித்தனியா செஞ்சா நாளைக்கும் முடியாது."

சாதியா மட்டும் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். அவள் மீன் ஒரு தகர டப்பாவில் கிடந்தது. அதற்கு இரண்டு இறக்கைகள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் வாசிம் நியாயமாக. "ஆனா சாம்பிள்ல ரெக்க கெடையாதே. டேமேஜ்ல போட்டாச்சி."

ஹாஃபிஸா பாகீரதியிடம் போனாள். "டீச்சர், நாலாவது கட்டத்துல ஒவ்வொரு குழந்தையோட படைப்பும் வேற வேறயான்னு இருக்கு."

பாகீரதி அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். "டிக் விழலேன்னா என்ன ஆகும்? மறுபடி ஒரு நாள் இந்தக் கூத்தா?"

"ஆமா டீச்சர். நா இருக்க மாட்டேன். டிரஸ்ட்ல வேற யாரையாவது அனுப்புவாங்க."

"வேற ஒருத்தியா?" பாகீரதி பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

காம்ளே மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே வந்தார். மீன் கட்டுகளைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். நாலாவது கட்டத்தில் பேனா நின்றது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்றார்.

"பார்க்க அப்படித்தான் சார் இருக்கும்," என்றாள் பாகீரதி இந்தியில். "ஆனால் ஒவ்வொன்றும் வேறு மீன். பிள்ளைகளைக் கேளுங்கள்."

அவர் ஒன்றை உருவி நீட்டினார்.

"பாங்டா," என்றான் வாசிம், இமைக்காமல்.

அதே கட்டிலிருந்து இன்னொன்று.

"சுர்மை," என்றாள் பரீஹா.

"இது?"

"ராவஸ் சார். முள்ளு கம்மி."

தினமும் மீன் மார்க்கெட் வழியாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள். பெயருக்குப் பஞ்சமில்லை. ஏழாவது மீனில் காம்ளேயின் முகம் சாப்பாட்டு நேரம்போல மலர்ந்தது. நாலாவது கட்டத்தில் டிக் விழுந்தது, அழுத்தமாக. பிறகு மீனைத் தன் சட்டைப் பையின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கலைவழிக் கல்வி மாநாடு. விருந்தினர்களுக்குச் சட்டையில் குத்த இருநூற்றைம்பது வேண்டும். பின்னால் ஊக்கு வைத்து. பிள்ளைகளுக்கும் பெருமைதானே என்றார்.

"சாம்பிள் இதுதான சார்?" என்று வாசிம் இந்தியில் கேட்டான். "நடுவுல மாத்தக் கூடாது."

காம்ளே சிரித்து அவன் தலையைத் தட்டினார். "பக்கா ஆர்ட்டிஸ்ட்!"

அவர் இறங்கிப் போனதும் பாகீரதி கரும்பலகை ஓரத்துக் கால அட்டவணையில் வெள்ளி வரைக்குமான ஓவிய வகுப்புகளுக்கு எதிரே 'மீன்' என்று எழுதிவிட்டு வாக்காளர்களிடம் திரும்பினாள். ஐந்து டிக்கும் விழுந்து கைக்கு வந்த படிவத்தை ஹாஃபிஸா நான்காக மடித்துப் பையில் வைத்தாள். மார்ச் வரை.

"சும்மா நிக்காதீங்க தீதி," என்றாள் பரீஹா. "நாலாவது லைன்ல ஆள் பத்தல."

ஹாஃபிஸா ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மீனைப் புரட்டி, வாலை நகத்தால் பிடித்து, கத்திரியைச் சாய்த்து ஒரே வெட்டு. அடுத்தது. அதற்கடுத்தது. பக்கத்திலிருந்த சாதியா தன் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"தீதி, ஒங்க வீட்டுலயும் மால் வருமா?"

"காலேஜ் முடிக்க வரைக்கும் வந்துச்சி," என்றாள் ஹாஃபிஸா, தலை நிமிராமல்.

அவள் வெட்டிய நூல் பிசிறுகள் முழங்காலருகே இருந்த தகர டப்பாவில், இறக்கை வைத்த மீனின் மேல் விழுந்துகொண்டிருந்தன.