பன்னிரண்டாவது அட்டை

5 மார்ச் 2025, சாம்பல் புதன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பன்னிரண்டாவது அட்டையைக் கேட்காமலே எழுதிவிட்டேன். நிரஞ்சன் அண்ணனிடம் மத்தியானம் கேட்பதாக இருந்தது. அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. ‘சொன்னவர்’ என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. சிறு தவறு என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரியா என்று தெரியவில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், கடலூர் வண்டி நிரம்பக் காத்திருந்த பத்து நிமிஷத்தில் இதை எழுதி முடித்தாள் நித்யா மேரி. ‘சிறு’ என்ற சொல்லை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனவள், அடிக்காமல் விட்டாள். டைரியில் அடித்தல் திருத்தல் அவளுக்கு ஆகாது. அடித்தால் அடித்த நேரத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். செம்மங்குப்பத்தில் அவள் வேலை பார்க்கும் கெமிக்கல் கம்பெனியின் லாப்பில் அதுதான் சட்டம். மூன்று வருஷத்தில் அந்தச் சட்டம் அவள் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

லாப்பில் இன்னொரு பழக்கமும் உண்டு. அது எந்தச் சட்டத்திலும் இல்லை. குளிரூட்டும் தண்ணீரின் பி.எச். அளவு தினமும் ஏழு புள்ளி இரண்டுதான் வரும். ஆகவே அனுபவசாலிகள் காலையிலேயே சாயங்காலம் வரைக்குமான கட்டங்களை நிரப்பி வைத்துவிடுவார்கள். சாம்பிள் தண்ணீர் பாட்டில் வருவதற்கு முன்பே பதில் வந்துவிடும். மேரி மட்டும் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. “இவ ஒருத்திதான் தண்ணிய நம்பாதவ” என்று அவளைக் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவளுக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்து நேரே சிதம்பரம் போவாள். மேல வீதியில் ஒரு மாடியில் சொல் சேகரிக்கும் மாலை வகுப்பு. நடத்துபவர் இளமதி. முப்பத்தைந்து வயது, கறாரான பெண். ஆளுக்கொரு குட்டிச் சொல்லை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு மொழிக்காரர்களிடம் அது என்ன பொருள் தருகிறது என்று நேரில் கேட்டு எழுத வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. சொன்னவர், ஊர், தேதி, அவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம், அவ்வளவுதான். போனில் தேடி எழுதக் கூடாது. புதன்கிழமைக்குள் பன்னிரண்டு அட்டைகளை வகுப்புப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். வெள்ளிக்கிழமை மறுகேள்வி. அதாவது ஒருவர் பெட்டியிலிருந்து இன்னொருவர் மூன்று அட்டைகளை உருவி, சொன்னவருக்கே போன் போட்டு எல்லோர் முன்னாலும் விசாரிப்பார். தேறும் பெட்டிகளில் சிறந்த ஒன்றுக்கு உரியவர் திட்டக்குடிப் பக்கம் பத்து நாள் வட்டாரச் சொல் சேகரிக்கப் போகும் குழுவோடு போகலாம்.

மேரிக்கு அந்தப் பத்து நாள் வேண்டியிருந்தது. கடலூர் வீடு, செம்மங்குப்பம், சிதம்பரம் என்று ஒரே ரோட்டில் போய் வருகிறவள் அவள். கேட்ட இடத்தில் நின்று எழுதும் வேலை தனக்கு வருமா என்று அவளுக்கே சந்தேகம். அதைத் தெரிந்துகொள்ள வேறு வழியும் தெரியவில்லை. சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை நின்று முன்கூட்டியே லீவும் வாங்கி வைத்திருந்தாள்.

அவள் எடுத்த சொல் ‘மா’. இதைவிடச் சின்னதாக ஒன்று கிடைக்காது என்றுதான் எடுத்தாள். ஆனால் அது போகிற இடமெல்லாம் வேறு வேஷம் கட்டிக்கொண்டு வந்து நின்றது. சிதம்பரத்தை ஒட்டி வயல் வைத்திருந்த மணவாளனுக்கு அது நில அளவு. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். வளையல் விற்க வந்த தெலுங்குக்கார அம்மாளுக்கு ‘எங்கள்’. பரங்கிப்பேட்டை ஹாஜா மொய்தீன் ஓதிக்காட்டிய அரபியில், சொல்லின் கடைசியில் தொண்டையில் லேசாக ஒரு முடிச்சு விழுந்து, அது தண்ணீர் ஆயிற்று. எட்டு வருஷம் இத்தாலியில் இருந்துவிட்டு வந்த பங்குக் கோயில் கன்னியர் சவரிமேரி, அங்கே அது ‘ஆனால்’ என்றார். “எந்த லீவு கேட்டாலும் மதர் ‘மா...’ன்னு இழுப்பாங்க. அப்பவே தெரிஞ்சிடும், கெடைக்காதுன்னு.” சீனாவில் டாக்டருக்குப் படித்த அண்ணாகிராமத்து எழிலன் ஒரே சொல்லை நாலு ராகத்தில் சொன்னான். அம்மா, சணல், குதிரை, திட்டு. மேரி வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். நாலும் குதிரையாகவே வந்தது.

இத்தனைக்கும் நேரில் அலைந்தவள் பன்னிரண்டாவதில் சறுக்கினாள். ஒடியா மொழியில் ‘மா’ என்றால் அம்மா. இதில் கேட்க என்ன இருக்கிறது? புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டும்போது, போனில் தேடி ‘அம்மா சோறு ஆக்குகிறாள்’ என்ற வாக்கியத்தை எடுத்து அட்டையில் எழுதினாள்.

வகுப்பில் நுழைந்ததும் ஜெயப்பிரகாஷ் பார்த்துவிட்டார். மேல வீதியிலேயே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், நாற்பது வயது, வகுப்பிலேயே மூத்தவர்.

“இன்னா மேரி, நெத்தியில சாம்பலு? லாப்ல எதனா வெடிச்சிடுச்சா?”

“சாம்பல் புதன் அண்ணே. காலையில பூசை. இன்னையிலேர்ந்து தவக்காலம்.”

“அப்ப நாப்பது நாளைக்குப் பொய் சொல்லக் கூடாதுல்ல?”

“மத்த நாள்ல மட்டும் சொல்லலாமாண்ணே?” என்று சிரித்துக்கொண்டே பதிவேட்டில் பன்னிரண்டாவது வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்தச் சிரிப்பு அவளுக்கு உறுத்த ஆரம்பித்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கேண்டீனுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் நிரஞ்சன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாலாசோர் பக்கத்துக்காரர். ஏழு வருஷமாகக் கடலூரில் இருக்கிறார். பாய்லர் பக்கமிருந்து லாப்புக்குத் தண்ணீர் சாம்பிள் பாட்டில் கொண்டுவருவது அவர் வேலை. கேட்டுவிட்டால் அட்டை உண்மையாகிவிடும், ஒரு நாள்தானே முன்னே பின்னே என்று மேரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

அவர் ஒரு கையில் சோறும் மறு கையில் போனுமாக இருந்தார். திரையில் நாலு வயதுக் குழந்தை ஒன்று, முன்பல் இல்லாமல், காமிராவுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது.

“மா, காயிலு?” என்றார் நிரஞ்சன்.

குழந்தை ஏதோ சொன்னது. அவர் சிரித்தார். “மா, மா” என்று இன்னும் இரண்டு தடவை கொஞ்சிவிட்டு வைத்தார்.

“அண்ணா, யாரு அது?”

“என் பொண்ணு மேடம். சாப்டியான்னு கேட்டேன். சாப்புடலயாம், பொய் சொல்லுது.”

“பொண்ணையா மான்னு கூப்புட்டீங்க?”

“ஆமா. பொண்ண அப்டித்தான் கூப்புடுவேன். அப்பறம் எங்க ஊரு கோயில் அம்மன. அதும் மா.”

“அப்ப உங்க அம்மாவ?”

“பொவு.”

“மான்னு கூப்புட மாட்டீங்களா?”

“வேற வீட்டுல கூப்புடுறாங்க. நம்ம வீட்டுல பொவு. நான் மான்னு கூப்புட்டா, எவன்டா இவன், என்னைய சாமியாக்கிட்டான்னு சிரிக்கும்.”

மேரி பையிலிருந்து பன்னிரண்டாவது அட்டையை எடுத்தாள். எடுத்த பிறகு ஏன் எடுத்தோம் என்றிருந்தது. எழுதியிருந்த வாக்கியத்தை அவருக்குப் படித்துக்காட்டினாள். நிரஞ்சன் சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார்.

“அம்மா சோறு ஆக்குதா? எங்க பொவு ஒரு நாள் ஆக்கினதில்ல மேடம். அது காலையில மீன் விக்கப் போயிடும். சோறு, கொழம்பு எல்லாம் அப்பாதான். இத யாரு சொன்னாங்க?”

“நீங்க சொன்னதா எழுதிட்டேன்.”

அவர் அட்டையை எட்டிப் பார்த்தார். “பரவால்ல, விடுங்க. போன் வந்தா, ஆமா, புதன்கெழம நான்தான் சொன்னேன்னு சொல்லிடுறேன். லாப்ல பாட்டில் வர்றதுக்கு முன்னாடியே நம்பர் போடுறது எனக்குத் தெரியாதா? எல்லாரும் போடுறாங்க. நீங்க மட்டும்தான் போட மாட்டீங்கன்னு நெனச்சிருந்தேன். அவ்ளோதான்.”

குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அதிகம் குத்தியது.

அன்று மத்தியானம் அவள் இன்னொரு அட்டை எழுதினாள். பதின்மூன்றாவது. சொன்னவர் நிரஞ்சன், தேதி மார்ச் 6, வாக்கியம் ‘மா, காயிலு?’, பொருள் மகளை அழைப்பது. எழுதி முடித்ததும் பழைய அட்டையைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தாள். பதிவேட்டில் புதன்கிழமைத் தேதியோடு அதன் எண் ஏறியிருந்தது. கிழித்தாலும் வரி நிற்கும்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மறுகேள்வி தொடங்கியது. மேரியின் பெட்டி ஜெயப்பிரகாஷிடம் போயிற்று. அவர் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினார். ஸ்பீக்கரில் போட்டார்.

“மணவாளன் ஐயாங்களா? மான்னு நித்யா மேரிகிட்ட எதைச் சொன்னீங்க?”

“நெலத்ததான் சொன்னேன். மூணு மாவுல உளுந்து கெடக்குது. ஏன், எதனா கேஸாயிடுச்சா?”

“இல்லிங்க, படிப்பு விஷயம்.”

“நெலத்தப் பத்திப் படிக்கறதுக்குக் கேஸே மேலு” என்று வைத்துவிட்டார். வகுப்பு சிரித்தது.

இரண்டாவது ஹாஜா மொய்தீன். போன் நாலு தடவை அடித்த பிறகுதான் எடுத்தார். “நோன்பு தொறந்துகிட்டு இருக்கேங்க. ஒரு நிமிஷம், தண்ணி குடிச்சிக்கிறேன்.” குடிக்கிற சத்தம் கேட்டது. “ம், இப்பக் கேளுங்க. என்ன சொல்லு?”

ஜெயப்பிரகாஷ் சொல்லைச் சொன்னார்.

“அட, அதத்தான குடிச்சேன் இப்ப!”

இளமதிகூடச் சிரித்தார். மேரியால் சிரிக்க முடியவில்லை. ஜெயப்பிரகாஷின் விரல் மூன்றாவது அட்டைக்காகப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. வந்தது சவரிமேரியின் அட்டை. கன்னியர் முதல் மணி அடித்ததுமே எடுத்து, பொருளையும் தேதியையும் அன்று தான் கொடுத்த டீயையும் சேர்த்துச் சொன்னார்.

“மூணும் சுத்தம்” என்றார் ஜெயப்பிரகாஷ். “மேடம், பேசாம மேரியவே அனுப்பிடுங்க. என் பெட்டியில ரெண்டு பேரு போனே எடுக்கல.”

இளமதி பதிவேட்டில் மேரியின் பெயருக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனார். அந்தப் பேனா தாளைத் தொடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மேரிக்குத் தோன்றியது. தொட்டுவிட்டால் தனக்கு அந்தத் தைரியம் இருக்காது என்பதும் தெரிந்தது.

“மேடம், பன்னெண்டாவது அட்டையையும் எடுக்கச் சொல்லுங்க.”

“மூணுதான் சட்டம்.”

“அது கேக்காம எழுதினது மேடம். போன்ல பார்த்து எழுதினேன். மறுநாள் போய்க் கேட்டேன். அவரு வேற சொன்னாரு.”

ஜெயப்பிரகாஷ் மெல்ல, “அடப் போ மேரி, நான்தான் அத எடுக்கவே இல்லியே” என்றார்.

இளமதி இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். சிவப்பு மையில் பன்னிரண்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “பதிமூணு நல்ல அட்டை. ஆனா தேதி வியாழக்கெழம. கணக்குல வராது. உன் பெட்டியில பதினொண்ணுதான் இருக்கு.” பிறகு ஜெயப்பிரகாஷைப் பார்த்தார். “அந்த ரெண்டு பேருக்கும் இப்பத் திரும்பப் போடுங்க.”

இருவரும் எடுத்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. திட்டக்குடிக்கு ஜெயப்பிரகாஷின் பெயர் எழுதப்பட்டது. அவர் சந்தோஷப்படவும் முடியாமல், வேண்டாம் என்றும் சொல்ல மனமில்லாமல், பதின்மூன்றாவது அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெத்த பொண்ணப் போயி அம்மாங்கறாரா?” என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். “இரு. நானும்தான் எம் பொண்ண ‘வாம்மா, போம்மா’ங்கறேன். காலையிலகூட, ‘சாப்டியாம்மா’ன்னு கேட்டேன்.”

“எங்க மாமனாரு மருமவள அப்புடித்தான் கூப்புடுவாரு” என்றார் பின்னாலிருந்து ஒரு பெண்.

“எங்கப்பா எங்க வீட்டு ஆட்டையே அப்புடிக் கூப்புடுவாரு.”

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். பெற்றவளுக்கான சொல் எப்போது பெற்ற பெண்ணிடம் இறங்கி வந்தது, பையனை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா, கூப்பிட்டால் அவன் கோபித்துக்கொள்வானா என்று கேள்வி மேல் கேள்வி விழுந்தது. இளமதியே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மேரி தன்னை அறியாமல் ஒரு வெற்று அட்டையை எடுத்தாள். ஜெயப்பிரகாஷ் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, காலையில பொண்ணுகிட்ட சொன்னத அப்புடியே ஒரு தடவ சொல்லுங்க.”

“எதுக்கு? உன் கணக்குத்தான் முடிஞ்சுபோச்சே.”

“சொல்லுங்கண்ணே.”

அவர் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் வரை அவள் பேனா மூடியைத் திறக்கவில்லை.

7 மார்ச் 2025, வெள்ளி. பன்னிரண்டாவது அட்டை ரத்து. திட்டக்குடிக்கு ஜெயப்பிரகாஷ் அண்ணன் போகிறார். மகளை ‘மா’ என்று யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று எனக்காகவும் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே போயிருந்தால் இந்த வேலை எனக்கு வருமா என்று தெரிந்திருக்கும். இன்று பாதி தெரிந்த மாதிரி இருக்கிறது. நிச்சயமில்லை. நாளை: காலை ஷிப்டில் லீவை ரத்து செய்ய எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து மணி பாட்டிலோடு நிரஞ்சன் அண்ணன் வந்ததும், ஊர் அம்மனை எந்த வாக்கியத்தில் கூப்பிடுவார் என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகு எழுத வேண்டும்.