ரைட்டர் வாயில் தங்கம்

மாணிக்கராஜுக்கு நாற்பத்தொரு வயசில்தான் தன் பல் மீது ரோஷம் வந்தது. கோலார் தங்கவயலில், தங்கப்பாறையை அரைத்துத் தங்கம் பிரிக்கும் ஒரு சுரங்க மில்லில் அவர் கணக்கெழுதும் ரைட்டர். கீழ்ப்பல் வரிசை மேல்வரிசையைத் தாண்டி வெளியே நிற்கும். புதிதாக வந்த துரை ஒருநாள் தாடையை முன்னே தள்ளி அவரைப் போலவே பேசிக் காட்ட, ஆபீஸே சிரித்தது. மாணிக்கராஜும் கூடவே சிரித்தார். மறு வாரம் பெங்களூருக்கு ரயிலேறினார்.

அங்கே வெள்ளைக்கார பல் டாக்டர் ஒருவர் மேல்பற்களில் தங்கக் கம்பியும் குட்டித் திருகும் மாட்டிவிட்டார். தினம் கொஞ்சம் திருகினால் மேல்பல் முன்னால் நகருமாம். ஒரு வருஷம் ஆகுமாம்.

"கட்டிக்கினவ நானே ஒண்ணும் சொல்லல, துரைக்கு இன்னா வந்துச்சு?" என்றபடி மனைவி பியாட்ரிஸ் ராகிக் கூழ் கரைத்து வைத்தாள். வேறு எதையும் அவரால் மெல்ல முடியவில்லை.

கூலிகள் வாயில் தங்கத்தை ஒதுக்கிக்கொண்டு போவதாகத் துரையிடம் சொல்லி, மில் வாசலில் எல்லார் வாயையும் சோதிக்க உத்தரவு வாங்கியதே மாணிக்கராஜ்தான். ரைட்டர் வாயை மட்டும் யாரும் பார்த்ததில்லை. கம்பியோடு வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் காவல்காரர் முனிரத்தினம் கையை நீட்டி மறித்தார்.

"வாயத் தொறங்க, ரைட்டரய்யா."

"இது வைத்தியத்துக்குப் போட்டது."

"இருக்கட்டுங்க. காலைல வந்த தங்கமும் இப்ப போற தங்கமும் ஒண்ணுதானான்னு பாக்கணும் இல்ல?"

பின்னால் கூலிகள் வரிசையில் நின்ற வேலு பணிவாகச் சொன்னான்: "நாக்கையும் தூக்கணுங்க. எங்களுக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

தினமும் இரண்டு வேளை வாய் திறந்து அலுத்துப்போய் மாணிக்கராஜ் துரையிடம் முறையிட்டார். கம்பியோடு அவர் பேசிய இங்கிலீஷ் துரைக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்தவரைக்கும் தீர்ப்பு சொன்னார்: கம்பியா, மில்லா, ஒன்றை விடு.

மாணிக்கராஜ் மில்லை விட்டார். அவரைச் சுரங்கத்தின் விறகுக் கிடங்கில் போட்டார்கள். நடுவில் இரண்டு மாதம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனியோடு நுனி முட்டி, வாய் மூடக்கூட வரவில்லை. பதினோராம் மாதம் மேல்வரிசை கீழ்வரிசையைத் தாண்டி இறங்கியது. டாக்டர் கம்பியைக் கழற்றினார்.

கோட்டு மாட்டிக்கொண்டு துரை முன் போய் நின்று, பல் தெரியச் சிரித்தார் மாணிக்கராஜ். துரை நிமிர்ந்து பார்த்தார்.

"விறகு ஈரமாக வருகிறதாமே?" என்றார்.

வெளியே கூடைக்காரி ரத்தினம்மாவிடம் ஒரு கொய்யாக்காய் வாங்கிக் கடித்தார். முன்பல்லிலேயே நறுக்கென்று துண்டு விழுந்தது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு தடவையும் விழுந்ததில்லை. அங்கேயே நின்று, இன்னும் இரண்டு வாங்கித் தின்றார்.