நீல நூலில் தைத்த லேபிள்

நன்கொடைப் பொருள் விற்கும் கடையின் வேனை இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கிளெனிஸ் அம்மாள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போன டிரெவர், அவர் நன்கொடையாகத் தருவதாகச் சொன்ன சோபாவின் அழகைப் பார்க்கவில்லை. நேரே மெத்தையைத் தூக்கித் தீப்பாதுகாப்பு லேபிளைத் தேடினான். அது இல்லாத சோபாவைக் கடையில் விற்கக் கூடாது. ஆனால் உடம்பில் குத்துகிறது என்று அதைக் கத்தரித்து எறியாத வீடு அந்த ஊரில் அபூர்வம்.

லேபிள் இருந்தது. சோபா வெளுத்துக் கிடக்க, லேபிளைத் தைத்த நூல் மட்டும் பளிச்சென்று நீலமாக இருந்தது. டிரெவருக்கு உறுத்தியது. எதிரே கிடந்த மெத்தை நாற்காலியின் அடியில் குனிந்து பார்த்தான். அங்கே லேபிளைப் புதிதாகக் கத்தரித்த தடம் இருந்தது.

"இந்த லேபிள் இந்த சோபாவோடதுதானா மேடம்?"

கிளெனிஸ் சோபாவில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

"என்ன கண்ணு, போலீஸ் மாதிரி கேக்குற? உள்ள இருக்குற ஃபோம் எல்லாம் மருந்து போட்டது. தீ வச்சாலும் பிடிக்காது. எனக்கு முட்டிவலி, எந்திரிக்க முடியாது. நீயே டீ போட்டுக் குடிச்சிட்டு இதத் தூக்கிட்டுப் போ."

"நிச்சயமா பிடிக்காதா?"

"சத்தியமா!"

டிரெவர் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். குச்சியை உரசவில்லை, பெட்டியைக் காதருகே லேசாகக் குலுக்கினான், அவ்வளவுதான்.

கிளெனிஸ் ஒரே துள்ளலில் ஜன்னலோரம் போய் நின்றார்.

"லேபிள் பொய் சொல்லுது," என்றான் டிரெவர். "உங்க முட்டி பொய் சொல்லல மேடம்."