ரொய்ஸ் டானரின் சிபாரிசுக் கடிதம்

ரொய்ஸ் டானரை மகேந்திரராசாவுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. அந்த ஆளின் செருமல் சத்தம் ஹோட்டல் படிக்கட்டில் கேட்டாலே இவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

டானர் ஹொலிவூட் நடிகர். அதாவது, இருபது வருசத்துக்கு முன்னர் குதிரையேறித் துப்பாக்கி சுட்ட படங்கள் நாலைந்தில் நடித்தவர். 1988ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் டென்மார்க்கின் வைலே நகரத்துக்கு வந்தது ஒரு சொசேஜ் விளம்பரத்துக்காக. பெரிய தொப்பியைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நின்று, ஒரு சொசேஜைக் கடித்துவிட்டுச் சிரிக்கவேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் மழை விடவில்லை. மூன்று நாளுக்கென்று வந்த ஆள் ஐந்து கிழமையாக ஹோட்டலில் குந்திவிட்டார்.

குந்தினவர் சும்மா குந்தினாரா? காலைச் சாப்பாட்டு அறைக்கு வந்தால், எல்லாரும் திரும்பிப் பார்க்கட்டுமென்று வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். டெனிஷ்காரர் ஒருத்தரும் திரும்பமாட்டார்கள். அவர்கள் பாட்டுக்குப் பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டிருப்பார்கள். உடனே வெளியே போய், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு தரம் உள்ளே வருவார். அறை துப்புரவாக்கப் போகும் மகேந்திரராசாவை 'ராஜ்' என்று கூப்பிடுவார். முழுப்பெயரை மூன்று தரம் சொல்லியாயிற்று, மண்டையில் ஏறவில்லை. டிப்ஸ் கொடுக்கிற வழக்கமும் கிடையாது. அதற்குப் பதிலாகத் தன்னுடைய படமொன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மகேந்திரராசாவிடம் இப்போது பதினொரு டானர் சேர்ந்திருந்தன.

இவரோ தன் மனைவியையும் பிள்ளையையும் பார்த்து இரண்டரை வருசம் ஆகிறது. ராசமலரும் ஐந்து வயது துஷாராவும் கொழும்பில், வெள்ளவத்தையில், யாரோ ஒருவருடைய வீட்டின் முன்னறையில் இருந்தார்கள். அவர்களை டென்மார்க்குக்குக் கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பதினேழு மாதம். ஓம் என்றும் பதிலில்லை, இல்லை என்றும் பதிலில்லை. போன மாதம் ராசமலர் எழுதியிருந்தாள்: 'பிள்ளை உங்களை மறந்துபோனாள் போல கிடக்கு. படத்தைக் காட்டினால் ஆரெண்டு கேக்கிறாள்.' அந்த வரியைப் படித்த நாளிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

மகேந்திரராசா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், ஒன்பது வருசம் கிளாக்கராக இருந்தவர். பைல்களின் குணம் அவருக்குத் தெரியும். பெரிய ஆளின் சிபாரிசுக் கடிதம் குத்திய பைல் மேலே வரும். குத்தாத பைல் கீழே கிடக்கும். வாசலில் நின்று சத்தம் போட்டவனுடைய பைல் இன்னும் கீழே போகும். இவரே தன் கையால் அப்படி வைத்திருக்கிறார். ஆகவே கொப்பன்ஹேகனில் தன் விண்ணப்பம் தூங்குவதற்கு அவர் கண்ட காரணம் ஒன்றுதான்: கடிதம் இல்லை.

"இந்த நாட்டிலை எங்களுக்கு எந்தப் பெரிய மனுசனைத் தெரியும் அண்ணை?" என்றான் யூட். மட்டக்களப்புப் பெடியன், இவரோடு ஒரே அறையில் இருப்பவன். "சும்மா பேசாமல் கிடவுங்கோ. வாயைத் திறந்தால் பைலைக் கிழிச்சுப்போடுவாங்கள்."

"எனக்கு ஒருத்தரைத் தெரியும்," என்றார் மகேந்திரராசா. சொல்லும்போதே வாய் கசந்தது.

அடுத்த நாள் காலை, கையில் வெளுத்த படுக்கை விரிப்புகளோடு நின்றுகொண்டே டானரிடம் கடிதம் கேட்டார். கேட்டதுதான் தாமதம், டானர் துள்ளி எழும்பிவிட்டார்.

"டென்மார்க் அரசாங்கமா? ராஜ், அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் என் படம் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு கிழமையில் உன் மனைவி இங்கே நிற்பாள்."

வரவேற்பறைத் தட்டச்சு மெசினில் மூன்று பக்கம் அடித்தார். மகேந்திரராசா வாசித்துப் பார்த்தார். இரண்டேமுக்கால் பக்கம் டானர். எந்தக் குதிரையிலிருந்து விழுந்தார், எந்த விலா எலும்பு முறிந்தது, எந்த விருது கையைவிட்டுப் போனது எல்லாம் இருந்தன. கடைசியில் இரண்டு வரி: 'என் நண்பன் ராஜ் படுக்கை நன்றாக விரிப்பான். அவன் மனைவியை அனுப்பிவையுங்கள்.' ஒன்பது வருசம் அரசாங்கத்துக்கு இங்கிலிஷில் கடிதம் எழுதிய மனுசனுக்கு அழுகை வந்தது. என்றாலும் விண்ணப்ப இலக்கத்தை மேலே எழுதி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டார்.

ஒரு கிழமை போயிற்று. ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை மகேந்திரராசா கீழே கம்பளத்துக்குத் தூசு உறிஞ்சும் மெசின் போட்டுக்கொண்டிருந்தார். டானர் வரவேற்பு மேசையில் ஓங்கி அடித்தார்.

"பன்னிரண்டு நாள்! ரொய்ஸ் டானர் கடிதம் எழுதி, பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. என்னை யாரென்று நினைத்தார்கள்? பத்திரிகைக்குப் போன் போடு!"

மகேந்திரராசா மெசினை நிறுத்தினார். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்தார். பன்னிரண்டு நாளுக்கே இந்த ஆள் இந்தக் குதி குதிக்கிறதே, பதினேழு மாதமாக நான் ஏன் ஒரு தரம்கூடக் குதிக்கவில்லை? இந்தத் தொப்பிக்காரன் தன்னைப் பெரிய மலையென்று நினைக்கிறான், சரி. நான் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தேன்? கச்சேரி வாசலில் கைகட்டி நின்ற சனங்கள் அவருக்கு ஞாபகத்துக்கு வந்தார்கள். பதில் சொல்லாமல் அவர்களை எத்தனை நாள் நிறுத்தியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குப் பின்னாலேயே, இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல்தடவையாக, அவருக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து கிர்ஸ்டன் என்றொரு பெண் வந்தாள், நனைந்த மழைக்கோட்டோடு. டானர் நாற்பது நிமிடம் தன் புராணத்தை அவிழ்த்தார். அவள் பேனாவைத் திறக்கவேயில்லை. கடைசியில் கடித விசயம் வந்தது.

"எந்த விண்ணப்பம்?" என்று கேட்டாள்.

"ராஜுடைய ஏதோ ஒன்று. அது முக்கியமில்லை. முக்கியம் என்னவென்றால்…"

அவள் திரும்பி, தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த மகேந்திரராசாவைப் பார்த்தாள். "எவ்வளவு காலம்?"

யூட் சொன்னது காதுக்குள் இரைந்தது. பெயர் பேப்பரில் வந்தால் பைல் அடியோடு போய்விடலாம். ராசமலரையும் பிள்ளையையும் தன் வாயாலேயே தொலைத்தவன் என்று ஆகிவிடலாம். கோப்பைத் தட்டை மேசையில் வைத்தார்.

தனக்குத் தெரிந்த டெனிஷில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "பதினேழு மாதம். மனைவி, ஒரு மகள். ஒரு பதிலும் இல்லை. ஏன் பதில் இல்லை என்று நான் கேட்கிறேன்."

"உங்கள் பெயரைப் போடலாமா?"

"போடுங்கள். எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்."

பேனா திறந்தது.

இரண்டு நாளில் செய்தி வந்தது. விண்ணப்பப் பிரதியைக் கையில் பிடித்தபடி மகேந்திரராசா படத்தின் நடுவில் நின்றார். உள்ளே நுழையப் பார்த்த டானரின் தொப்பி விளிம்பு மட்டும் ஓரத்தில் தெரிந்தது. கடிதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டானர் இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு வெயில் எறித்தது, சொசேஜைக் கடித்தார், சிரித்தார், புறப்பட்டார். பெட்டிகளை டாக்சியில் ஏற்றும்போது மகேந்திரராசாவுக்கு ஒரு நன்றி சொல்லத்தான் மனம் வந்தது. "நீ என் வெளிச்சத்தைத் திருடிவிட்டாய், ராஜ்," என்றார் டானர். வந்த நன்றி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. இன்றைக்கும் அவருக்கு அந்த ஆளைப் பிடிக்காது.

ஆனால் கிர்ஸ்டனுக்கு, இதே மாதிரிக் காத்துக்கிடந்தவர்களிடமிருந்து போன்கள் வரத் தொடங்கின. வைலேயில் நாலு பேர், விபோர்க்கில் ஒருவர், புரொண்பியில் ஒரு குடும்பஸ்தர். பத்தொன்பது மாதம், பதினான்கு மாதம் என்று அவரவர் கணக்கு. கடைசியில் யூட்டும் தன் தாய்க்காகப் போட்ட விண்ணப்பத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு போனான். "என்ரை பேரையும் போடச் சொல்லுங்கோ அண்ணை," என்றான்.

மகேந்திரராசா மட்டும் தபால்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தார். நாலாம் கிழமை கொப்பன்ஹேகனிலிருந்து கடிதம் வந்தது. அடியில் ஒரு அதிகாரியின் பெயர், கையெழுத்து, நேரடி டெலிபோன் இலக்கம். அடுத்த மாதம் பதினோராம் திகதி ராசமலர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேர்முகத்துக்குப் போகவேண்டும். அனுமதி என்று இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் அது பதில்.

கொழும்புக்கு லைன் கிடைக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. ராசமலருக்கு விசயத்தைச் சொன்னார்.

"ஆற்றை கடிதம் குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஒருத்தற்றை கடிதமும் வேலை செய்யேல்லை. ஏன் பதிலில்லை எண்டு நான்தான் கேட்டனான்."

"நீங்களோ?"

"ஓம். நான்தான்."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் போலிருந்தது.

"ராசம், இஞ்சை சினோப் பனி கொட்டத் தொடங்கப்போகுது," என்றார். "துஷாவைக் கடதாசியிலை நிப்பாட்டி, பென்சிலாலை காலைச் சுத்திக் கீறி அனுப்பு. சப்பாத்து வாங்கவேணும்."