மார்லிஸ் எழுத வேண்டிய ஒரு வரி

1

இந்தக் கதை செலவு அறிக்கையாகத்தான் பிறந்தது. விஸ்கான்சினில் ஒரு பால் கூட்டுறவின் கணினிப் பிரிவில் நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தபோது, "மூணு கம்பெனி சிஸ்டத்தை வச்சு மாரடிக்கிறோமே, என்ன செலவாகுதுன்னு எழுதிக் குடு" என்றார் மேலாளர். எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் மார்லிஸ் என்றொரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள். அறிக்கை போயிற்று. பதவி உயர்வும் அதன் பின்னாலேயே போயிற்று.

2

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிய அந்தக் காலையில்...' (வேண்டாம். விஸ்கான்சின் என்றால் பனி கொட்டியே ஆக வேண்டுமா?)

அடுத்தது: 'ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி உரிமக் கட்டணம், தனிப் பராமரிப்பு ஒப்பந்தம், தனி...' (பார்த்தீர்களா, அறிக்கை எட்டிப் பார்க்கிறது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். சர்வரில் ஒரு நிரல் சிக்கிக்கொண்டது. அதை நிறுத்த மார்லிஸ் ஒரு கட்டளை அடித்தாள். அவள் தினமும் புழங்கும் சர்வரில் அந்தக் கட்டளை, பெயர் சொன்ன நிரலை மட்டும் நிறுத்தும். அன்று அவள் கை வைத்ததோ சக ஊழியர் கோர்டியின் பழைய சர்வரில். வேறு கம்பெனியுடையது. அங்கே அதே கட்டளை ஓடுகிற அத்தனையையும் நிறுத்திவிடும். நிறுத்தியது. பால் இறக்குவதை நடத்தும் நிரலும் அதில் அடக்கம்; பால் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. பால் கெட்டது.*

* இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டாள். கோளாறு மற்றவன் பக்கம் என்று இருவருமே சொன்னார்கள். இதற்குத்தான் வருஷா வருஷம் ஒப்பந்தத் தொகை.

3

மேலாளர் டுவேன் (நிஜ மேலாளரைவிட இவருக்கு முடி அதிகம் வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்) காரணத்தை ஒரே வரியில் கேட்டார். 'கவனக்குறைவு' என்று எழுதினால் மார்லிஸின் வேலை போகும். 'ஒத்துவராத சிஸ்டங்கள்' என்று எழுதினால் பழைய சர்வரைத் தூக்கிவிடுவார்கள், அதை மட்டுமே தெரிந்த கோர்டியையும் சேர்த்து.

மதியம் கோர்டி தன் சாண்ட்விச்சோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதி எழுதி அழிக்கிறேன்."

"உள்ள நுழையிறதுக்கு முன்னாடி யார் வீடுன்னு பாக்க மாட்டியா நீ?"

"அப்ப தப்பு என்னுதுதாங்கிறீங்க."

"உன்னுதுதான். ஆனா மூணு வீட்டுக்கும் ஒரே மாதிரி கதவை வச்சது யாரு, நானா?" சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டணும், மார்லிஸ். என் சம்சாரம் லொரெய்னோட வைத்தியமெல்லாம் ஆபீஸ் இன்ஷூரன்ஸ்லதான்."

என் பையனுக்கும் அதேதான் என்று சொல்ல வாயெடுத்தவள், அடித்திருந்த வரியை இன்னொரு தடவை அழித்தாள். அவளுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

4

முடிவுகள் கைவசம் மூன்று உண்டு. அவளே பழியை ஏற்றுக்கொண்டு வெளியேறுகிறாள் (படித்து அழுதது நான் மட்டும்). கோர்டி விட்டுக்கொடுக்கிறார் (தியாகிகளை எழுத எனக்கு வராது). டுவேன் இருவரையும் வைத்துக்கொள்கிறார் (நீங்கள் எந்த ஆபீஸில் வேலை பார்க்கிறீர்கள்?).

எதையும் தூக்கிப்போட மனமில்லாமல் மூன்றையும் வைத்துப் பராமரிக்கிறேன். ஒன்றில் ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் மற்ற இரண்டும் படுத்துக்கொள்கின்றன. டுவேனைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது.

ஆகவே உங்கள் தலையில் கட்டுகிறேன். மார்லிஸ் 'காரணம்' என்று அடித்துவிட்டு, நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள். ஒரு பெயரைச் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக. கோர்டி இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.